திங்கட்கிழமை மட்டும் கிளம்பாத லோரி

மச்சான் வாங்கிய பழைய லோரிக்கு ஒரு விசித்திரமான பழக்கம். செவ்வாயிலிருந்து சனி வரை காலையில் சாவியைத் திருப்பியதும் கிளம்பிவிடும். திங்கட்கிழமை மட்டும் ‘டக டக டக’ என்று அடித்துவிட்டுப் படுத்துக்கொள்ளும். டிரைவர் அண்ணன் முன்பக்கம் எலுமிச்சம்பழம் கட்டிப் பார்த்தார். திங்கட்கிழமை ராகு காலம் ஏழரை மணிக்குத்தான் பிறக்கிறது, லோரி படுப்பதோ விடியற்காலை ஆறு மணிக்கு. அதனால் ராகுவைச் சந்தேகிக்க வழியில்லை என்று சொல்லி மீட்டரை எடுத்துக்கொண்டு போனேன்.

லோரியைப் பற்றி முதலில் கொஞ்சம். ஜப்பான் மேக், மூன்று டன், நாலு சிலிண்டர் டீசல். கம்ப்யூட்டர் எதுவும் கிடையாது, டீசல் பம்பு முழுக்க மெக்கானிக்கல். மலேசியாவின் சுங்கை சிப்புட் வட்டாரத்தில் சிறுதோட்டக்காரர்களிடம் செம்பனைக் குலை ஏற்றி ஆலையில் கொட்டுவதுதான் வேலை. குலை இல்லாத நாளில் உர மூட்டை ஏற்றும். எத்தனை கை மாறி வந்ததோ தெரியாது, ஆனால் விற்பதற்கு முன் அடியிலிருந்து முடி வரை பளபளவென்று சாயம் அடித்திருந்தார்கள். கூடவே ஒரு கட்டு ரசீது. ஸ்டார்ட்டர் ரீகண்டிஷன் செய்தது, பேட்டரி மாற்றியது, ஆக்சிலேட்டர் கேபிள் மாற்றியது, மறுபடி ஆக்சிலேட்டர் கேபிள் மாற்றியது. வாங்கும்போது “பார்த்தீங்களா, எல்லாம் புதுசு” என்று மச்சானிடம் காட்டியிருக்கிறார்கள். எனக்கென்னவோ அந்த ரசீதுகளைப் பார்த்ததும் பயம்தான் வந்தது. ஒரே கோளாறுக்காக ஒவ்வொரு சாமானாக மாற்றிப் பார்த்துக் கடைசியில் கைகழுவிய வண்டியின் சரித்திரம் அது.

நான் லோரி மெக்கானிக் இல்லை. பாமாயில் ஆலையில் வயர்மேன். ஆனால் மோட்டார் எங்கே இருந்தாலும் மோட்டார்தான். கரண்டு போய்ச் சேருகிறதா, திரும்பி வருகிறதா என்று பார்ப்பதில் ஆலைக்கும் லோரிக்கும் பெரிய வித்தியாசம் இல்லை.

சத்தத்திலேயே பாதி விஷயம் தெரிந்துவிடும். இன்ஜினைச் சுற்றிக் கிளப்பும் மோட்டார்தான் ஸ்டார்ட்டர், அதன் மேல் உட்கார்ந்திருக்கும் சோலினாய்டுக்குள் இரண்டு சுருள்கள் உண்டு. ஒன்று இழுக்கும் சுருள், இன்னொன்று பிடித்துவைக்கும் சுருள். சாவியைத் திருப்பினால் இரண்டும் சேர்ந்து உள்ளே இருக்கும் தண்டை இழுக்கும். தண்டின் முனையில் இருக்கும் செப்புத் தகடு இரண்டு பெரிய முனைகளையும் சேர்த்ததும் மோட்டாருக்குக் கரண்டு பாயும். அந்த நொடியிலேயே இழுக்கும் சுருளின் இரண்டு பக்கமும் ஒரே வோல்ட் ஆகிவிடுவதால் அது ஓய்ந்துவிடும், மீதி வேலையைப் பிடிக்கும் சுருள் ஒற்றையாளாகப் பார்த்துக்கொள்ளும். பேட்டரி இளைத்திருந்தால் மோட்டார் இழுத்த இழுப்பில் வோல்ட் விழும், பிடிக்கும் சுருள் கைவிடும், தகடு விலகும். விலகியதும் வோல்ட் ஏறும், மறுபடி இழுக்கும், மறுபடி விடும். அதுதான் ‘டக டக டக’. ஒரே ஒரு கனத்த ‘டக்’ மட்டும் கேட்டு மோட்டார் சுற்றாவிட்டால் அது வேறு கதை. தகடு தேய்ந்திருக்கலாம், மோட்டாரின் கார்பன் பிரஷ் தீர்ந்திருக்கலாம், பெரிய வயர் எங்கேயாவது விட்டுப்போயிருக்கலாம்.

இந்த லோரி இரண்டு சத்தமும் போட்டது. திங்கட்கிழமை ‘டக டக’. மற்ற நாளில் ஆலை வாசலில், தராசுக்கு வரிசையில் நிற்கும்போது இன்ஜினை அணைத்தால், சூட்டோடு சூடாக ஒரே ‘டக்’. பின்னால் நிற்பவர்கள் ஹார்ன் அடிக்க அடிக்க, அண்ணன் இறங்கி ஸ்டார்ட்டரைச் சுத்தியலால் தட்டுவார். இதனாலேயே வரிசையில் இன்ஜினை அணைக்காமல் டீசலை எரித்துக்கொண்டிருந்தார். சத்தம் இரண்டு என்றால் கோளாறும் இரண்டு என்றுதான் எடுத்துக்கொண்டேன்.

முதலில் திங்கட்கிழமை. சனி மதியம் இரண்டு மணிக்கு நிறுத்தினால் திங்கள் காலை ஆறு வரை நாற்பது மணி நேரம் லோரி சும்மா நிற்கிறது. சும்மா நிற்கும்போது யாரோ கரண்டைக் குடிக்கிறார்கள். பேட்டரியின் நெகட்டிவ் வயரைக் கழற்றி, போஸ்ட்டுக்கும் வயருக்கும் நடுவில் மீட்டரை 10 ஆம்பியர் துளையில் போட்டு வைத்தேன். (மீட்டர் இப்படி இருக்கும்போது யாரும் சாவியைத் தொடக்கூடாது. ஸ்டார்ட்டர் நூற்றுக்கணக்கான ஆம்பியர் இழுக்கும், மீட்டர் பிழைக்காது. சாவியைச் சட்டைப்பையில் போட்டுக்கொள்வது நல்லது.) 0.9 ஆம்பியர் காட்டியது. இந்த மாதிரி பழைய லோரியில் 0.05க்கு மேல் போனாலே ஏன் என்று கேட்க வேண்டும்.

கணக்குப் போட்டால் எல்லாம் பொருந்திவந்தது. 0.9ஐ நாற்பதால் பெருக்கினால் 36 ஆம்பியர் மணி. 70 ஆம்பியர் மணி பேட்டரியில் பாதி காலி. வார நாளில் இரவு பன்னிரண்டு மணி நேரம்தான் நிற்கிறது, 11 ஆம்பியர் மணிக்குள் முடிந்துவிடும். பேட்டரி அதைத் தாங்கிக்கொண்டு மறுநாள் ஓட்டத்தில் சார்ஜ் ஏற்றிக்கொள்கிறது.

ஃபியூஸை ஒவ்வொன்றாகப் பிடுங்கிப் பார்த்தேன். ரேடியோ ஃபியூஸைப் பிடுங்கியதும் கடுகளவு குறைந்ததே தவிர, மீதி அப்படியே நின்றது. ஃபியூஸ் வழியாகப் போகாத கரண்டு என்றால் சந்தேகம், இன்ஜின் ஓடும்போது பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்றும் ஆல்டர்னேட்டர் மேல்தான். அதன் தடித்த வயர் நேராக பேட்டரிக்குப் போகிறது. உள்ளே இருக்கும் டையோடுகள்தான் பேட்டரியிலிருந்து கரண்டு திரும்பி வராமல் தடுக்கும் காவல். மறுநாள் விடியற்காலை, இன்ஜின் ஜில்லென்று இருக்கும்போது ஆல்டர்னேட்டரின் முதுகில் கையை வைத்தேன். இளஞ்சூடு. ராத்திரி முழுக்க நின்ற லோரியில் அது மட்டும் சூடாக இருக்க வேறு காரணமே கிடையாது. பேட்டரியைக் கழற்றி, ஆல்டர்னேட்டரின் தடித்த வயரைத் தனியாக எடுத்து டேப் சுற்றிவிட்டு மறுபடி அளந்தேன். 0.9 போய் 0.04 ஆனது. இன்ஜினை ஓடவிட்டு, மீட்டரை ஏசி (AC) வோல்ட் அளவில் வைத்து பேட்டரியில் அளந்து பார்த்தாலும் டையோடு கெட்டது தெரியும். பேட்டரியில் ஏசி அரை வோல்ட்டுக்கு மேல் காட்டக்கூடாது.

ஈப்போவில் டையோடு தட்டை மட்டும் மாற்றிக் கொடுக்கும் கடை இருக்கிறது. முழு ஆல்டர்னேட்டர் விலையோடு பார்த்தால் அது சில்லறைக் காசு. இங்கே ஒன்று சொல்லிவிடுகிறேன். ஆல்டர்னேட்டர் சார்ஜ் செய்கிறதா என்று பார்க்க, ஓடுகிற இன்ஜினில் பேட்டரி வயரைக் கழற்றிப் பார்க்கும் பழைய போமன்கள் (மெக்கானிக்குகள்) இன்னும் இருக்கிறார்கள். டைனமோ காலத்துப் பழக்கம் அது. ஆல்டர்னேட்டரில் அப்படிச் செய்தால் வோல்ட் திடீரென்று எகிறி ரெகுலேட்டரையும் டையோடையும் சேர்த்து அடித்துவிடும். இந்த லோரியின் டையோடு அப்படித்தான் போயிருக்குமோ என்று எனக்கு ஒரு சந்தேகம் உண்டு.

திங்கட்கிழமை சரியாகிவிட்டது என்று மச்சான் கோழி அடிக்கத் தயாரானார். நான்தான் நிறுத்தினேன். பேட்டரிகளைப் பார்த்ததிலிருந்து எனக்கு மனசு ஒப்பவில்லை.

24 வோல்ட் லோரியில் 12 வோல்ட் பேட்டரி இரண்டு, ஒன்றன் பின் ஒன்றாகக் கோத்திருக்கும். இரண்டையும் சேர்த்து அளந்தால் 24.8 வோல்ட். பரவாயில்லையே என்று தோன்றும். தனித்தனியாக அளந்தால் மேல் பேட்டரி 12.75, கீழ் பேட்டரி 12.05. ஒன்று வயிறு முட்ட இருக்கிறது, மற்றது பாதிக்கும் கீழே பட்டினி. இன்ஜினை ஓடவிட்டு அளந்தேன். மொத்தம் 28.2, அது சரியான அளவுதான். ஆனால் பிரித்துப் பார்த்தால் மேலே 15.3, கீழே 12.9. மேல் பேட்டரியின் மூடியைத் திறந்தால் தண்ணீர் தட்டுக்குக் கீழே இறங்கிக் கிடந்தது, மூடியைச் சுற்றி ஒரே ஈரம், வெள்ளை வெள்ளையாக உப்பு.

காரணம் இரண்டு பேட்டரியையும் சேர்க்கும் கட்டையான வயரிலேயே தொங்கிக்கொண்டிருந்தது. மெல்லிய சிவப்பு வயர் ஒன்று. அதைப் பிடித்துக்கொண்டே கேபினுக்குள் போனால் ரேடியோ, முன் கேமரா, போன் சார்ஜர், அண்ணன் தலைக்கு மேலே ஒரு குட்டி மின்விசிறி. எல்லாம் 12 வோல்ட் சாமான். 24ஐ 12 ஆக்க முந்தைய உரிமையாளர் கண்ட குறுக்கு வழி இது. இரண்டு பேட்டரிக்கும் நடுவிலிருந்து வயரை எடுத்தால் 12 கிடைக்கும்தானே? கிடைக்கும். ஆனால் மின்விசிறியும் ரேடியோவும் கீழ் பேட்டரியிலிருந்து மட்டும் குடிக்கின்றன. ஆல்டர்னேட்டருக்கோ இரண்டு பேட்டரியும் ஒரே கோப்பு. மொத்தம் 28 வோல்ட் வந்தால் போதும் என்று அது இருந்துவிடும், உள்ளே யார் எவ்வளவு எடுத்துக்கொண்டார்கள் என்று பார்க்காது. கீழ் பேட்டரி சார்ஜ் ஏறாமல் வோல்ட் தாழ்ந்து கிடப்பதால், மிச்ச வோல்ட் முழுக்க மேல் பேட்டரியின் தலையில் விழுகிறது. அது கொதித்துத் தண்ணீர் வற்றிச் சாகிறது, கீழது பட்டினியில் சாகிறது. அதுவும் கெட்டது, இதுவும் கெட்டது. ரசீதுக் கட்டில் பேட்டரி ரசீது ஏன் இருந்தது என்பதும் அப்போதுதான் விளங்கியது.

24லிருந்து 12 எடுக்க கன்வர்ட்டர் இருக்கிறது. லோரி சாமான் விற்கிற எந்தக் கடையிலும் கிடைக்கும். 10 ஆம்பியர் தாங்குகிற ஒன்றை வாங்கி, சாவி போட்டால் மட்டும் வேலை செய்யும் லைனில் ஃபியூஸோடு கோத்தேன். சிவப்பு வயரை அடியோடு பிடுங்கினேன். பேட்டரி இரண்டையும் சேர்த்தே மாற்றினோம். “ஒண்ணுதானே மோசமா இருக்கு மச்சான்” என்றார் லோரிக்கார மச்சான். ஒன்றை மட்டும் மாற்றினால் புதுசும் பழசும் மறுபடி மேடு பள்ளம்தான். இரண்டும் ஒரே கம்பெனி, ஒரே அளவு, ஒரே நாளில் வாங்கியதாக இருக்க வேண்டும். அண்ணனுக்கு மின்விசிறி தப்பித்ததே போதுமென்று இருந்தது.

இனி ஆலை வாசல் ‘டக்’. இந்த வேலை முழுவதிலும் எனக்குப் பிடித்த பகுதி இதுதான்.

புது பேட்டரி போட்டும் சூட்டில் அதே ஒற்றை ‘டக்’. ஸ்டார்ட்டரை மறுபடி ரீகண்டிஷன் செய்யலாம் என்று பட்டறையில் சொன்னார்கள். நான் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: இதற்கு முன் செய்ததில் என்ன கெட்டிருந்தது? அதற்குப் பதில் இல்லை.

வயரைச் சோதிக்கப் பலரும் மீட்டரை பஸ்ஸரில் வைத்து ‘பீப்’ கேட்கிறதா என்று பார்ப்பார்கள். ஸ்டார்ட்டர் வயருக்கு அது உதவவே உதவாது. நூறு இழை உள்ள வயரில் ஒரே ஒரு இழை மிச்சம் இருந்தாலும் ‘பீப்’ அடிக்கும். ஓம் அளவில் வைத்தாலும் தெரியாது. 0.01 ஓம் தடையைச் சாதாரண மீட்டர் காட்டாது, ஆனால் 200 ஆம்பியர் பாயும்போது அந்த 0.01 ஓம் 2 வோல்ட்டைத் தின்றுவிடும். அதனால் கரண்டு பாயும்போதே, ஒவ்வொரு வயரும் எவ்வளவு வோல்ட் தின்கிறது என்று அளக்க வேண்டும்.

சக்கரத்துக்குக் கட்டை வைத்து, கியரை நியூட்ரலில் போட்டு, கையில் இருந்த மோதிரத்தைக் கழற்றிவிட்டு ஆரம்பித்தேன். டீசல் பம்பை நிறுத்தும் சோலினாய்டின் வயரைக் கழற்றிவிட்டால் இன்ஜின் பிடிக்காமல் சும்மா சுற்றும், அளக்க வசதி. அண்ணன் சாவியைத் திருப்ப, நான் கீழே. ஒவ்வொரு தடவையும் சில நொடிதான், நடுவில் ஸ்டார்ட்டர் ஆறுவதற்கு இடைவெளி.

பேட்டரி போஸ்ட்டுகளில் 21.4 வோல்ட். ஸ்டார்ட்டரில், அதன் பெரிய போல்ட்டுக்கும் உடம்புக்கும் நடுவே 17.0. வழியில் 4.4 வோல்ட் காணவில்லை. பாசிட்டிவ் போஸ்ட்டிலிருந்து ஸ்டார்ட்டர் போல்ட் வரை 0.6, ஒத்துக்கொள்ளலாம். நெகட்டிவ் போஸ்ட்டிலிருந்து ஸ்டார்ட்டர் உடம்பு வரை 3.8. ஆக, களவு நடப்பது திரும்பி வரும் வழியில். இன்னும் பிரித்தேன். நெகட்டிவ் போஸ்ட்டிலிருந்து சேசி (லோரியின் இரும்புச் சட்டம்) வரை 0.3. சேசியிலிருந்து இன்ஜின் வரை 3.5.

இன்ஜின் ரப்பர் மவுண்டிங் மேல் உட்கார்ந்திருக்கிறது. ரப்பரில் கரண்டு போகாது. இன்ஜினையும் சேசியையும் இணைக்க கியர்பாக்ஸ் பக்கத்தில் பின்னல் போட்ட ஒரு செப்புப் பட்டை உண்டு, ஸ்டார்ட்டர் இழுக்கும் அத்தனை ஆம்பியரும் அது வழியாகத்தான் பேட்டரிக்குத் திரும்ப வேண்டும். கீழே படுத்து டார்ச் அடித்துப் பார்த்தேன். பட்டை இருந்தது, அழகாகக் கறுப்புச் சாயமும் அடித்திருந்தது. சாயத்தைச் சுரண்டினால் உள்ளே பச்சைப் பசேலென்று களிம்பு. விரலால் அழுத்தினால் இழைகள் பொடிப்பொடியாக உதிர்ந்தன. சேசியோடு சேர்கிற போல்ட்டுக்கு அடியிலோ இரும்பே தெரியவில்லை, சாயத்தின் மேல்தான் லக் (பட்டை முனையில் போல்ட் மாட்டும் வளையம்) உட்கார்ந்திருந்தது. உர லோரிக்கு இது வரக்கூடிய நோய்தான். பொட்டாஷும் அமோனியம் சல்பேட்டும் மழை ஈரத்தில் கரைந்து சந்துபொந்தெல்லாம் இறங்கினால் செம்பை அரித்துவிடும்.

பட்டை செத்தால் கரண்டு சும்மா இருக்குமா? வேறு வழி தேடும். இன்ஜினையும் கேபினையும் இணைக்கிற இரும்பு வேறு என்ன இருக்கிறது என்று பார்த்தேன். ஆக்சிலேட்டர் கேபிள்! அண்ணனைச் சாவியைத் திருப்பச் சொல்லி, கேபிளின் உறையைப் பிடித்துப் பார்த்தால் சூடு ஏறுவது கைக்கே தெரிந்தது. கழற்றிப் பார்த்தோம். உள்ளே இருக்கும் பிளாஸ்டிக் குழாய் உருகிக் கம்பியோடு ஒட்டியிருந்தது. ஸ்டார்ட்டரிலிருந்து பட்டை வழியாகத் திரும்ப வேண்டிய கரண்டின் ஒரு பங்கு, டீசல் கொடுக்கிற கேபிள் வழியாகத் திரும்பிக்கொண்டிருந்திருக்கிறது. ரசீதுக் கட்டில் இரண்டு தடவை கேபிள் மாற்றிய கதை இதுதான். மாற்றியவர்கள் யாரும் கேபிள் ஏன் சுடுகிறது என்று கேட்கவில்லை.

சூட்டில் மட்டும் ஏன் படுத்துக்கொண்டது என்பதும் இதில் அடக்கம். செம்பு சூடானால் தடை கூடும். 30 டிகிரியிலிருந்து 90 டிகிரிக்குப் போனால் சுமார் கால் பங்கு கூடிவிடும். சோலினாய்டு சுருளும் செம்புதான், அதனால் சூட்டில் அதன் இழுப்பு தளர்ந்துவிடும், தகட்டை அழுத்திப் பிடிக்க முடியாது. காலையில் 17 வோல்ட்டில் எப்படியோ சமாளித்தது, ஆலை வாசலில் முடியவில்லை.

புதுப் பட்டைக்குப் பதில் 70 சதுர மில்லிமீட்டர் வயர் எடுத்து, ஈயம் பூசிய லக்கை ஹைட்ராலிக் கருவியில் அழுத்தினேன். சுத்தியலால் நசுக்குவது இந்த வேலைக்கு ஆகாது. சேசியிலும் கியர்பாக்ஸிலும் உப்புத்தாள் போட்டு வெள்ளை இரும்பு தெரியும்வரை தேய்த்து, பல் வாஷர் வைத்து இறுக்கி, அப்புறம்தான் மேலே வேசலின். வேசலினை முதலிலேயே தடவுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன், இறுக்கிய பிறகு தடவுவதுதான் முறை. மனசு கேட்காமல் நெகட்டிவ் போஸ்ட்டிலிருந்து ஸ்டார்ட்டரை இறுக்கும் போல்ட்டுக்கே நேராக இன்னொரு வயரும் ஓட்டினேன்.

மறுபடி அளந்தால் பேட்டரியில் 20.9, ஸ்டார்ட்டரில் 19.9. பேட்டரி வோல்ட் முன்னைவிடக் குறைந்திருக்கிறதே என்று மச்சான் முகம் வாடியது. குறையத்தான் வேண்டும். வழி திறந்ததும் ஸ்டார்ட்டர் கூடுதல் ஆம்பியர் இழுக்கிறது. இன்ஜின் சுற்றுகிற வேகத்தைக் கேட்டதும் அவரே சிரித்துவிட்டார்.

கையோடு சோலினாய்டின் பின்மூடியைத் திறந்து செப்பு முனைகளையும் பார்த்தேன். ஒன்று பாதி தேய்ந்து குழி விழுந்திருந்தது. ரீகண்டிஷன் செய்ததாகச் சொன்ன ஸ்டார்ட்டரில் வெளியே மட்டும் வெள்ளிச் சாயம். முனைகள் இரண்டும் மலிவு, மாற்றியாயிற்று.

மழை பெய்தால் சில நேரம் நன்றாகச் சுற்றும், ஆனால் இன்ஜின் பிடிக்காது என்று அண்ணன் சொல்லியிருந்தார். அதற்கு அதிக நேரம் ஆகவில்லை. இந்த வகை டீசல் பம்பில் சாவி போட்டதும் ஒரு சோலினாய்டு ‘டிக்’ என்று திறந்தால்தான் டீசல் போகும். டிக் கேட்கவில்லை என்றால் எத்தனை சுற்றினாலும் பேட்டரிதான் காலியாகும். வாளித் தண்ணீரை அந்தப் பக்கம் தெளித்துப் பார்த்தேன், டிக் நின்றுவிட்டது. பம்புப் பக்கத்தில் முறுக்கி டேப் சுற்றிய ஒரு இணைப்பு. வெட்டி எறிந்துவிட்டு, தண்ணீர் புகாத கனெக்டர் போட்டேன்.

ஆறு மாத இன்ஸ்பெக்‌ஷன் நெருங்குகிறது என்பதால் பிரேக் விளக்கு, சிக்னல், நம்பர் விளக்கு எல்லாவற்றையும் பார்த்தாகிவிட்டது. மிச்சம் ஒன்று இருக்கிறது. ராத்திரியில் பெரிய விளக்கைப் போட்டால் டீசல் முள் ஒரு கோடு நகர்கிறது, அணைத்தால் பழைய இடத்துக்கே வருகிறது. கேபினுக்கும் சேசிக்கும் நடுவே உள்ள எர்த் மேல்தான் சந்தேகம், அங்கேயும் அதே கறுப்புச் சாயம் அடித்திருக்கிறது. கேபினைத் தூக்க வேண்டிய வேலை, ஆலை விடுமுறையில்தான் முடியும். அதுவரை முள்ளை நம்பாமல் டேங்கில் குச்சி விட்டுப் பார்க்கச் சொல்லியிருக்கிறேன். அண்ணன் ஏற்கெனவே அப்படித்தான் பார்க்கிறாராம்.